விற்ற அறைக் கதவு

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். கேட்டால் 'பிரெஞ்சுக்காரன் காலத்து நாற்காலி' என்று சொல்லிச் சமாளிப்பார்கள். இப்படி மின்விசிறிக்குக் கீழே வாருங்கள். குழந்தை நன்றாகத் தூங்குகிறானே, தூங்கட்டும். உங்கள் வீட்டுக்காரர் வேறு இடம் பார்த்துவிட்டு வரட்டும். கிடைக்காது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி பொழுது சாய்கிற நேரத்தில் பாண்டிச்சேரியில் அறை கிடைக்குமா? நான் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆண்கள் தாங்களே போய் அலைந்துவிட்டு வந்தால்தான் நம்புவார்கள்.

ஒரு நிமிஷம். பேசாதீர்கள்.

ம், கேட்கிறது. ஒன்றுமில்லை, என் மகள் மிமி. அவள் செருப்புச் சத்தம். நடந்தால் கீச்சுக் கீச்சென்று கத்துமே, அந்த மாதிரிச் செருப்பு. ஆரஞ்சு நிறத்தில் வாத்து மூஞ்சி போட்டது. நான் வாங்கவில்லை. நான் திருச்சியில் சிஸ்டர்களிடம் படித்தவள், இப்படிப்பட்ட பொருளைக் கையால் தொடமாட்டேன். இப்போது சமையலறைப் பக்கம் இருக்கிறாள். சரி.

உங்களுக்கு நடந்தது தப்புதான், நான் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் மாமனார் போனை எடுத்தால் பிரெஞ்சில் "வுய், வுய்" என்பார், சரி சரி என்று. யாருக்கு, எதற்கு வுய் சொன்னோம் என்று போனை வைத்தபிறகு அவருக்கே தெரியாது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், இந்த ஊர்ப் பேச்சில் சொல்தா. அதனால் சேலத்திலிருந்து வருகிறவரிடமும் வணக்கத்துக்குப் பதில் "போன்ழூர்" என்பார். வந்தவர் பாவம், ஏதோ குழம்பின் பெயர் என்று நினைத்து, "ஒரு பிளேட் குடுங்க" என்பார். அப்படித்தான் உங்களுக்குச் சொன்ன அறைக்கே பெங்களூர்க்காரர்களிடமும் வுய் சொல்லிவிட்டார். அவர்கள் மத்தியானமே வந்து பாட்டிலைத் திறந்துவிட்டார்கள். இனி அவர்களைக் கிளப்ப முடியாது.

எதுவார்! மூன்றாம் மேஜைக்கு ஐஸ்! எத்தனை தடவை கேட்பார்கள்?

என் வீட்டுக்காரர். பாரைப் பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொள்கிறார் என்றால் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

இந்த ஹோட்டலைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சுவர், நீல ஜன்னல், காகிதப்பூக் கொடி, கடல். படத்தில் நாங்கள் இருக்க மாட்டோம். சவரிமுத்து மாஸ்டர் வைக்கிற மீன் குழம்புக்குப் பிரெஞ்சுப் பெயர் வைத்து, நடுவில் ஒரு கொத்தமல்லி இலையைக் குத்தி நிறுத்திக் கொடுக்கிறோம். ஆகா ஓகோ என்று சாப்பிடுகிறார்கள். சூரிய உதயம் தெரிகிற அறைதான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்குவார்கள். உச்சி வெயிலில் எழுந்து வந்து, "சன்ரைஸ் எப்போ?" என்பார்கள். கடலைப் பார்க்க வந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுப்பார்கள். இவர்களுக்குச் சேவை செய்ய என்னைக் கட்டிக்கொடுத்தார் எங்கள் அப்பா. 'ஹோட்டல் முதலாளி வீடு' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு.

முதலாளி வீடு. அந்த வீடு எங்கே இருக்கிறது தெரியுமா? அதோ, வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஆணி அடித்த பலகை தொங்குகிறதே, அதில் இருக்கிறது.

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். எட்டு அறை உள்ள ஹோட்டலில் எங்களுக்கென்று ஓர் அறை கிடையாது, போன வருஷம் வரைக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் மாமியார் லெயோனி அம்மாள் வந்து அந்தப் பலகை முன்னால் நிற்பார். எந்தச் சாவி மிச்சமாகத் தொங்குகிறதோ அதுதான் அன்றைக்கு எங்கள் வீடு. இரண்டு சாவி மிஞ்சினால் மாமியார் மாமனாருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. ஒன்று மிஞ்சினால் எல்லாரும் அதில். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் சாப்பாட்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் மெத்தை. நல்ல சீசனில் நாங்கள் மேஜைக் குடும்பம். துணிமணி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையில். நான் எங்கே போனாலும் அந்தக் கூடை என் இடுப்பில். மீன்காரி கூடத் தன் கூடையை வீட்டுக்குப் போனதும் இறக்கி வைத்துவிடுவாள்.

கல்யாணமான மறுநாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் மாமியார், கையில் புது விரிப்பு. "பொண்ணே, பன்னெண்டு மணிக்கு செக்-இன். பூவையெல்லாம் கூட்டி எடுத்துடு, ஆனா ரொம்ப எடுக்காத. புதுசா கல்யாணம் ஆனவங்கதான் வர்றாங்களாம், அவங்களுக்கும் ஆகும்" என்றார். என் முதலிரவுப் பூ, மேடம். இரண்டாம் கைக்குப் போனது.

இதில் ஒரு சட்டம் உண்டு. விற்காத அறைக் கதவை எந்நேரமும் தட்டலாம். விற்ற அறைக் கதவைத் தட்டவே கூடாது. தீப்பிடித்தால் ஒழிய. "சாவியைக் குடுத்துட்டா அது அவங்க வீடு. அவங்க வீட்டுக் கதவை நாம ஏன் தட்டணும்?" என்பார் மாமியார். இந்த மாதிரி நிறைய வசனம் வைத்திருப்பார். இன்னொன்று, "வந்தவங்களை வாசலோட அனுப்புற வீட்டுல விளக்கு நிக்காது." ஆகவே வருகிற எவனுக்கும் அறை உண்டு. பெற்ற பிள்ளைக்கும் பேத்திக்கும்தான் மேஜை.

மிமி முதல்முதலாகச் சேர்ந்தாற்போல் பேசிய வார்த்தை என்ன தெரியுமா? எல்லாக் குழந்தையும் அம்மா பூவா என்று ஏதோ சொல்லும். இது, "இன்னிக்கு எந்த ரூம்?" என்று கேட்டது. கேட்டுவிட்டு மாமனார் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். நான் கழிப்பறையில் போய் அழுதேன். அதுவும் ஒரு விருந்தினரின் கழிப்பறை.

ஆனால் நான் என் பங்குக்கு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் கான்வென்டில் விடுதி வாசலில் செருப்பைக் கோணலாக விட்டால் சிஸ்டர் அதைத் தூக்கிக் கிணற்றடியில் போட்டுவிடுவார். மிமியும் எந்த அறைக்குள் போனாலும் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, நேராக வைத்துவிட்டுத்தான் போவாள். மூன்று வயதில். இந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்த ஒழுங்கு கிடையாது.

இருங்கள்.

நின்றுவிட்டது. சத்தம் நின்றுவிட்டது. மிமி! மிமீ!

... மாஸ்டரோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருக்கிறாளாம். உட்கார்ந்தால் சத்தம் வராது இல்லையா. எனக்குத் தெரியும். தெரிந்தாலும் ஒருமுறை கூப்பிட்டு விடுவேன். மாஸ்டர் சலித்துக்கொள்வார், சலித்துக்கொள்ளட்டும்.

போன வருஷம், கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் நடுவில், இதே வாரம். காலையில் ஆறாம் எண் சாவி மிச்சம். "இன்னிக்கு ஆறு" என்று மிமியிடம் சொல்லிவிட்டேன். கூடையையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன். மத்தியானம் தாண்டி கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வயதான தம்பதி ஒன்று வந்து இறங்கியது. பதிவும் இல்லை, ஒன்றும் இல்லை. மாமியார் ஆணியிலிருந்து ஆறாம் எண் சாவியைக் கழற்றி அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கூடையை எடு என்று கண்ணைக் காட்டினார். எடுத்தேன். விரிப்பை மாற்றினேன். மிமி அப்போது சமையலறையில் மாஸ்டரிடம் இருந்தாள். அவளிடம் ஆறு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. யார் சொல்லவேண்டும்? விற்றவர்கள்தானே சொல்லவேண்டும்?

சாயங்காலம் மாஸ்டர் வந்து, "பாப்பா உங்ககிட்டயா இருக்கு?" என்றார். இல்லை. எதுவாரிடம் இல்லை. மாமனாரிடம் இல்லை. அந்த நேரம் கடல் இரைச்சல் வேறு. அன்றைக்கென்று அலை படி வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

எல்லாரும் கடலைத்தான் பார்த்தார்கள்.

பாரில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடினார்கள். தரையிலேயே நேராக நிற்க முடியாதவர்கள், மேடம்! அவர்கள் போய் என்ன கிழிக்கப் போகிறார்கள்? ஒருவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தான், அவனைக் காப்பாற்ற இரண்டு பேர் குதித்தார்கள். சேலத்து ஜவுளிக்காரர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கையால் துழாவித் துழாவி, அழுதுகொண்டிருந்தார். அவருக்கு என்ன சம்பந்தம்? எல்லாம் உள்ளே போனது செய்கிற வேலை.

எங்கள் மாமியார் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். சுனாமி வருஷத்திலிருந்து மணலில் கால் வைக்கமாட்டேன் என்று ஒரு சபதம் அவருக்கு. கடற்கரையில் ஹோட்டல் வைத்துக்கொண்டு! அவர் தங்கை யாரோ அதில் போய்விட்டாளாம், நான் வருவதற்கு ரொம்ப முன்னால். இந்த வாசலோடு சரி, படி இறங்கமாட்டார். கடல் பக்கம் கல்லாவைக்கூடத் திருப்பி வைக்க விடமாட்டார். அப்படிப்பட்டவர் அன்றைக்குப் பூசைக்குப் போகக் கட்டியிருந்த பட்டுப் புடவையோடு படி இறங்கி, ஆபரேஷன் செய்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடினார். ஓட்டமா அது! இடுப்பில் சாவிக் கொத்து குலுங்க, கழுத்தளவு தண்ணீருக்குள் போய்விட்டார். அலை அடித்து உருட்டியது. குடித்தவர்கள் இரண்டு பேர் கொண்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். மறுபடி போனார். நல்ல பட்டு, காஞ்சிபுரம். அப்புறம் அதைக் கிழித்து மேஜை துடைக்கத்தான் போட்டோம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பேத்தி பெயர்கூடச் சரியாக வரவில்லை. "ரோசாலி, ரோசாலி" என்று கத்திக்கொண்டிருந்தார். அது அந்தத் தங்கையின் பெயராம். வயதாகிவிட்டால் இப்படித்தான், ஒன்றுக்கு ஒன்று மாறிப்போகும்.

நானா? நான் படியிலேயே நின்றேன். எல்லாரும் பைத்தியம் பிடித்து ஓடினால் யாராவது ஒருவர் மூளையோடு ஓரிடத்தில் நிற்க வேண்டாமா? நான் நின்றேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் எதுவார் வந்து என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது, அவ்வளவு கெட்டியாக நின்றிருக்கிறேன்.

மாஸ்டருக்கு மட்டும் ஒரு யோசனை வந்தது. அறை அறையாகப் பார்க்கலாம் என்று தாழ்வாரத்தில் போய் முதல் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். மாமனார் கத்தினார், "டேய், வித்த ரூம்டா, தட்டாதே!" பேத்தியைக் காணோம், கடல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, சொல்தாவுக்குச் சட்டம் மறக்கவில்லை. மாஸ்டர் கையை இறக்கிவிட்டார்.

அப்போது ஆறாம் எண் கதவு திறந்தது. அந்தக் கோயம்புத்தூர்ப் பெரியவர் டம்ளரும் கையுமாக வந்து, "ஏனுங்க, பாப்பா எந்திரிச்சிருச்சுங்க. கொஞ்சம் பால் கெடைக்குங்களா?" என்றார்.

அவள் தன் வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். காலையில் ஆறு என்று சொன்னார்களே. கதவு சாத்தித்தான் இருந்திருக்கிறது, தாழ் போடவில்லை. செருப்பை ஜோடி சேர்த்து வாசலில் நேராக வைத்துவிட்டு, உள்ளே போய், கட்டிலில் ஏறி, படுத்திருந்த இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துத் தூங்கிவிட்டாள். அவர்கள் எழுப்பவே இல்லை. "இந்த ஓட்டல்ல பிள்ளைங்கள இப்படித்தான் விடுவீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சமுங்க. அசந்து தூங்குச்சு, எழுப்ப மனசு வரலீங்க" என்று அந்தம்மா சொல்கிறார். வெளியே அந்தக் கூச்சல் கேட்கவில்லையா என்று கேட்டேன். "ஏதோ நியூ இயர் கூத்துன்னு நெனச்சமுங்க." எப்படி இருக்கிறது?

அந்தச் செருப்பு அங்கேயே இருந்தது, மேடம். வாசலில். சின்ன, பழுப்பு நிறத் தோல் செருப்பு, சத்தமே போடாத நல்ல செருப்பு, நான் திருச்சியிலிருந்து வரவழைத்தது. எத்தனை பேர் அதைத் தாண்டி ஓடினார்கள்! படியில் நின்றால் நேரே தெரியும். யார் கண்ணிலும் படவில்லை.

அன்றைக்கே சொல்லிவிட்டேன். எனக்கென்று ஓர் அறை, பூட்டு என்னுடையது, சாவி ஆணியில் தொங்கக்கூடாது. இல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போய்விடுவேன் என்றேன். மாமனார் ஏதோ பிரெஞ்சில் முணுமுணுத்தார். எதுவார் ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். "எடுத்துக்க" என்றார். அவ்வளவுதான்.

என்ன அறை கொடுத்தார் தெரியுமா? ஏழாம் எண். சமையலறைக்குப் பின்னால். எட்டிலேயே கடல் தெரியாத அறை அது ஒன்றுதான்! ஜன்னலைத் திறந்தால் கருவேப்பிலை மரம், கேஸ் சிலிண்டர். கடற்பக்கம் ஒரு கதவுகூடக் கிடையாது. மாடியில் இரண்டாம் எண் இருக்கிறது, பால்கனியோடு. அதைக் கொடுக்க மனசு வந்ததா? நல்லதையெல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டு, மீந்ததை மருமகளுக்கு. இதில் தச்சரை வரவழைத்து, கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் அடிக்கச் சொன்னார். நான் கட்டைவிரலில் எம்பி நின்றால்தான் எட்டும். என் உயரம் தெரியாதா இவருக்கு? கதவிலிருந்த நம்பரையும் தானே சுரண்டி எடுத்தார். பாதி பெயின்ட் உரிந்து அசிங்கமாக நிற்கிறது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் போய் அந்த வாத்துச் செருப்பை வாங்கி வந்தார். விருந்தினர் எல்லாம் புகார் சொல்கிறார்கள். ஓய்வெடுக்க வந்தால் வாத்து கத்துகிறதாம். வாடிக்கையாளர் ஒரு வார்த்தை சொன்னால் நடுங்குகிற மாமியார், இதற்கு மட்டும், "அது அப்படித்தான் கத்தும். வேற ஓட்டலு பாத்துக்கங்க" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்கிறார். பிடிவாதம். எங்கே பிடிக்கக்கூடாதோ அங்கே பிடிப்பார்.

இதில் மிமி அந்த அறையில் தூங்கினாளா? அதுவும் இல்லை. விளக்கு வைத்தால் இன்றைக்கும், "இன்னிக்கு எந்த ரூம்?" என்றுதான் கேட்கிறாள். நம்ம ரூம்தான் கண்ணு என்றால் உதட்டைப் பிதுக்குகிறாள். மாமியாரோடு மேஜைமேல் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறது. நானோ ஏழாம் எண்ணில், மேல் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, எதுவாரின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். அப்புறம் எழுந்து போய் மேஜைக்குக் கீழே செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

போன் அடிக்கிறது பாருங்கள், உங்களுடையதுதான். பேசுங்கள்.

என்ன சொன்னார்? எங்கேயும் இல்லையா? நான்தான் சொன்னேனே. கோட்டக்குப்பம் வரைக்கும் போயும் இல்லையா? எப்படி இருக்கும்! இந்த நேரத்தில் கைக்குழந்தையோடு காரிலேயே சென்னைக்குத் திரும்பப் போகிறாராமா? இன்று சாலையில் வண்டி ஓட்டுகிறவன் ஒருவனாவது தெளிவாக இருப்பானா? நல்ல யோசனைதான். ஆண்பிள்ளை யோசனை.

வேண்டாம், எழுந்திருக்காதீர்கள். பையைக் கொடுங்கள். அட, கொடுங்கள் அக்கா.

ஏழாம் எண்ணில் இருந்துகொள்ளுங்கள். இன்று ஒரு நாள்தானே. விரிப்பு மாற்றித்தருகிறேன், ஒரு பத்து நிமிஷம். கடல் தெரியாது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஆனால் கைக்குழந்தைக்கு அதுதான் நல்லது, உப்புக்காற்று வராது, அலைச் சத்தமும் கேட்காது. வந்தவர்களை வாசலோடு அனுப்பினால் அப்புறம் வீட்டில் விளக்கு நிற்குமா?

என்ன அத்தை? ... இல்லை, நானாகத்தான் கொடுக்கிறேன். ... நீங்கள் கேட்கவில்லை, தெரியும்.

கேட்டீர்களா? "உன் ரூமை யாருடி கேட்டா? இன்னிக்கு மாமா படுக்க வச்சிருந்த நாலாம் நம்பரைக் குடுக்கத்தான் விரிப்பு மாத்திக்கிட்டு இருக்கேன்" என்கிறார். நாலாம் எண்ணின் கதவைத் திறந்தால் நேரே கடற்படி. பச்சைப்பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அறையா அது? இவருக்கு எப்போதுதான் புத்தி வருமோ.

மிமி, வா கண்ணு, கூடையை எடுக்கலாம். இன்றைக்கா? இன்றைக்கு மேஜை. ஆமாம், பாட்டியோடு அம்மாவும் மேஜைதான். பாருங்கள், சிரிக்கிறதை! ஒரு வருஷமாக இப்படிச் சிரிக்கவில்லை இது.

இந்தாருங்கள் சாவி. உள்ளே போனதும் மேல் தாழ்ப்பாளைப் போடுங்கள். கொஞ்சம் எம்பவேண்டும். இந்த ஹோட்டலில் ஒழுங்காகச் செய்த பொருள் அது ஒன்றுதான். உங்கள் பிள்ளை நாளைக்கு எழுந்து நடந்தாலும் எட்டாது.

இன்னும் ஒன்று அக்கா. தாழ் போடுவதற்கு முன்னால் கட்டிலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாசலையும் பாருங்கள். வாத்துச் செருப்பு ஜோடியாக இருந்தால், உள்ளே இவள் இருக்கிறாள் என்று அர்த்தம். எழுப்பவேண்டாம், நான் வந்து எடுத்துக்கொள்வேன்.

விற்ற அறைக் கதவை இங்கே யாரும் தட்டமாட்டார்கள் என்று சொன்னேன் இல்லையா? நான் தட்டுவேன். இரண்டு மூன்று தடவைகூடத் தட்டுவேன். கோபித்துக்கொள்ளாமல் திறங்கள்.